ஒன்பது விரல் காட்டிய இடம்

அத்தியாயம் 7

“என்ன தெரிஞ்சுது?”

“கல்லு.”

“அப்புறம்?”

“இன்னும் கல்லு.”

பேருந்து ஓட்டுநர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். கண் மருத்துவமனையில் அவருக்குச் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. கையிலிருந்த டோக்கன் எண்ணைக்கூடப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். அப்படிப்பட்டவரிடம் போய்ப் படத்தை நீட்டியது என் தப்புதான்.

“பரவாயில்ல சார். கண்ணு எங்க போச்சோ, அந்த இடத்துல ஒரு புள்ளி வைங்க, போதும்.”

மெல்லிய வெள்ளைத் தாளை வாங்கி, யோசிக்காமல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு குத்து குத்தினார். “ஏதோ பள்ளம் மாதிரி இருந்துச்சு தம்பி. எனக்கு இப்ப உங்க மூஞ்சியே பள்ளமாத்தான் தெரியுது, அதையும் சொல்லிடறேன்.”

எட்டாவது தாள். மடித்துப் பையில் வைத்தேன்.

காலை ஒன்பதரையிலிருந்து எனக்கு இதே வேலை. ஒரு அட்டைக்குள் ஒரு கருங்கல் சுவரின் பெரிய புகைப்படம். சும்மா உட்கார்ந்திருப்பவர் முன்னால் போய், அட்டையைத் திறந்து, “ஒண்ணு” என்று சொல்லி, மூடிவிட வேண்டும். அந்த ஒரு நொடியில் கண் எங்கே போனதோ அங்கே அவர் புள்ளி வைக்க வேண்டும். தாளில் சுவரின் ஓரக்கோடும், நடுவே மேலேறும் படிக்கட்டும் மட்டும் பேனாவால் வரைந்திருக்கும். ஒருவர் வைத்த புள்ளியை அடுத்தவர் பார்க்கக் கூடாது. அதனால் ஆளுக்கு ஒரு தாள்.

எதற்கு என்று அண்ணியிடம் கேட்டேன். “உங்களுக்குத் தெரிஞ்சா மூஞ்சியிலயே காட்டிக் கொடுத்துருவீங்க கொழுந்தனாரே” என்றார். துப்பறிவதில் அண்ணிக்கு நான் துணை. துப்பு என்ன என்பது மட்டும் எனக்குக் கடைசியில்தான் தெரியவரும். துப்புக் கெட்ட துப்பறிவாளன் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான்.

அண்ணி பதினாறு வருஷம் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தியவர். பக்கத்தைப் படிப்பதற்கு முன்பே ‘இதுல எங்கயோ தப்பு இருக்கு’ என்று உதட்டைப் பிதுக்குவார். பிறகு தேடினால் இருக்கும். அச்சகம் மூடிய பிறகு எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டு இந்தத் தொழிலை ஆரம்பித்தார். “இத்தனை வருஷம் என்கிட்ட மட்டும் தப்பு கண்டுபிடிச்சா. இனிமே ஊர்க்காரங்களும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்” என்று அண்ணன் வாழ்த்தினார்.

இப்போது எங்கள் கையிலிருந்த வழக்கு ஒரு சுவர்.

மலைச்சாலையின் ஒரு வளைவில், சாலை சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கும் முப்பதடிக் கருங்கல் சுவர். அதன் அடியில் பேருந்து நிறுத்தம். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடி நிற்கும் இடம். சாலைத் துறையின் பரிசோதகர் ஒருவர், ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கையில், அந்தச் சுவரில் மூன்றடி விரிசலைப் பார்த்து அறிக்கை எழுதினார். அறிக்கை மேலே போய்ச் சேர்வதற்குள் சுவர் முழுக்கச் சிமென்ட் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார்கள். விசாரணை நடந்தது. பூசுவதற்கு முன்னால் எடுத்த புகைப்படம் கோப்பில் இருந்தது. அதில் விரிசல் இல்லை. அவரைக் கூப்பிடாமலே, அறிக்கையில் எழுதியிருந்தபடி படிக்கட்டுக்கு இடப்பக்கம் பூச்சை உடைத்துப் பார்த்தார்கள். கல் கல்லாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பரிசோதகருக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று தெரியவர, விஷயம் முடிந்துபோனது. கண் தெரியாத மனிதர் இல்லாத விரிசலைப் பார்த்து ஊரைப் பயமுறுத்திவிட்டார் என்று பணியிடைநீக்கம் செய்தார்கள்.

எங்களிடம் வந்தவள் அவருடைய மகள். மருந்துக் கடை வைத்திருக்கிறாள்.

“டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவ நான்” என்று படத்தின் நகலை மேஜையில் வைத்தாள். “இந்தப் படத்துல ஏதோ சரியில்ல. என்னன்னு சொல்லத் தெரியல. பார்த்தா ஒரு மாதிரி உறுத்துது.”

“ஆபீஸ்ல நிபுணர்கிட்ட காட்டலையா?”

“காட்டினாங்க. கம்ப்யூட்டர்ல போட்டு, படத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுப் பார்த்தாராம். ஒவ்வொரு கட்டத்துலயும் நிறம், வெளிச்சம், கல்லோட அளவு எல்லாம் ஒரே மாதிரி இருக்காம். படம் சுத்தம்னு எழுதிக் கொடுத்துட்டார்.”

“உங்கப்பா என்ன சொல்றார்?”

“முதல்ல கத்தினார். இப்ப, ‘என் கண்ணுதான் தப்பும்மா, ஆபரேஷன் பண்ணிடு’ன்னு சொல்லிட்டார். அதுதான் எனக்குத் தாங்கல.”

முந்தாநாள் அவரைச் சேர்த்தார்கள்; அறுவைச் சிகிச்சை நேற்று முடிந்திருந்தது. அவள் அப்பாவுடனேயே இருக்க வேண்டியிருந்ததால், எங்கள் விசாரணையும் கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்துக்கே குடிவந்துவிட்டது.

ஒன்பதாவது ஆளாக ஒரு தையல்காரம்மாவைப் பிடித்தேன். அட்டையை மூடுவதற்கு முன்பே பேனாவைப் பிடுங்கிப் புள்ளி வைத்தார். “துணியில ஒரு இடத்துல மட்டும் இழை மாத்தி ஓடினா இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுத் தன் டோக்கனைக் கூப்பிட்டதும் போய்விட்டார்.

பத்தாவது ஆள் கிடைக்கவில்லை. மீதியிருந்தவர்கள் கண்ணில் பஞ்சை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் கையில் வெந்நீர்க் குடுவையோடு மகளின் கணவர் உள்ளே வந்தார். அவரும் சாலைத் துறையில் இளநிலைப் பொறியாளர்தான். மாமனாருக்காக அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு தினமும் வருகிறார். தங்கமான மாப்பிள்ளை என்று நர்சுகளே பேசிக்கொண்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு இப்படிப்பட்டவர்கள்தான் காரணம். அளவுகோலை உயரத்தில் தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

“சார், ஒரு நொடி. ஒரு சின்ன விளையாட்டு.”

“என்ன படம் இது? ஓ...”

“ஒண்ணு” என்று திறந்து மூடினேன். அவர் பேனாவை வாங்கி, கொஞ்சம் நிதானித்து, தாளின் இடப்பக்கம் ஒரு புள்ளி வைத்தார்.

பத்துத் தாளையும் அண்ணியிடம் ஒப்படைத்தேன். அண்ணி அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து அழுத்தினார். மகளும் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஒன்பது புள்ளிகள் படிக்கட்டுக்கு வலப்பக்கம், ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஒரே ஒரு புள்ளி மட்டும் இடப்பக்கத்தில் தனியாக இருந்தது.

“எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி...” என்றாள் மகள். “ஆனா விரிசல் இடப்பக்கம்னுதானே அப்பா எழுதினார்? வலப்பக்கத்தை யாரும் பார்க்கவே இல்லையே!”

“அதனாலதான் நாம பார்ப்போம்” என்று அண்ணி அட்டையைத் திறந்து படத்தை எடுத்தார். “அச்சகத்துல எழுத்து இடைவெளி சரியா விழுந்திருக்கான்னு பார்க்க, பக்கத்தைத் தலைகீழாத் திருப்புவோம். நேரா வெச்சா படிக்க ஆரம்பிச்சுருவோம், தப்பு தெரியாது.” சொல்லிக்கொண்டே படத்தைத் தலைகீழாக்கினார்.

புடைத்துக்கொண்டிருந்த கல் எல்லாம் ஒரே நொடியில் குழியாகிவிட்டது. சுவர் முழுக்க, யாரோ கரண்டியால் தோண்டியெடுத்ததுபோல் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. ஒரு இடத்தைத் தவிர. அங்கே மட்டும், நீளவாக்கில் ஒரு பட்டையாக, இருபது முப்பது கற்கள் நன்றாகப் புடைத்துக்கொண்டு நின்றன.

ஒன்பது பேர் புள்ளி வைத்த அதே இடம்.

“ஐயோ!” என்றாள் மகள். “இது எப்படி?”

“கல்லு புடைச்சிருந்தா மேல் பக்கம் வெளிச்சம், கீழ் பக்கம் நிழல். குழியா இருந்தா அதுக்கு நேர்மாறு. பொறந்ததுல இருந்து நம்ம தலைக்கு மேலதான் சூரியன். லட்சம் காட்சியைப் பார்த்துப் பார்த்து கண்ணு தானா ஒரு கணக்குப் போட்டு வெச்சிருக்கு, வெளிச்சம் மேல இருந்துதான் வரும்னு. நாம கேட்காமலே அந்தக் கணக்கை எடுத்து எல்லாத்து மேலயும் வெச்சுப் பார்க்குது. விரிசலை மறைக்க, இதே சுவர்ல வேற இடத்துல இருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டியிருக்காங்க. அப்படியே ஒட்டினா அதே கல்லு ரெண்டு இடத்துல இருக்கிறது தெரிஞ்சுரும்னு, துண்டைத் தலைகீழாத் திருப்பி ஒட்டிட்டாங்க. அந்தத் துண்டுல மட்டும் வெயில் பூமியில இருந்து அடிக்குது.”

“அப்ப நிபுணர்?” என்றேன்.

“பாவம், அவரைக் குத்தம் சொல்லாதீங்க. அவர் நிறம், வெளிச்சம், கல்லோட அளவு இதையெல்லாம் எண்ணினார். அதே சுவர்ல வெட்டி அதே சுவர்ல ஒட்டினா அந்தக் கணக்கு எப்படி உதைக்கும்? வெளிச்சம் கல்லுக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு அவர் எண்ணல. கண்ணு எண்ணிச்சு. என்ன எண்ணிச்சுன்னு நமக்குச் சொல்லத் தெரியல, அவ்வளவுதான்.”

“மருந்து விட்டுட்டு வந்த டிரைவர்கூடச் சரியா வெச்சாரே அண்ணி. அவருக்கு என் மூஞ்சியே தெரியலைன்னார்.”

“அதனால அவருக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல.” அண்ணி சிரிக்காமல் தொடர்ந்தார். “பார்வை மங்கினா எழுத்து மாதிரி பொடி விஷயம்தான் முதல்ல போகும். பெருசு பெருசா இருக்கிற வெளிச்சமும் நிழலும் அவ்வளவு சுலபமாப் போகாது. உங்கப்பாவுக்குப் புரை இருந்தது உண்மைதாம்மா. அதுக்காக மூணு அடி விரிசல் தெரியாமப் போகும்னு யார் சொன்னது?”

மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் விடவில்லை. “இடம்தான் இடிக்குதே மேடம். அப்பா இடப்பக்கம்னு எழுதினார். ஒட்டு வலப்பக்கம் இருக்கு.”

“அறிக்கையோட முதல் வரியைப் படிங்க.”

அவள் பையிலிருந்து நகலை எடுத்தாள். “‘சாலையின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழ்நோக்கிப் பார்த்தபோது, படிக்கட்டுக்கு இடப்புறம்...’”

“கொழுந்தனாரே, அந்த நாற்காலி மேல ஏறுங்க.”

ஏறினேன். கூடத்திலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இப்ப நீங்க பரிசோதகர். ரோட்டு மேல இருந்து குனிஞ்சு பார்க்கிறீங்க. நாங்க கீழ பஸ் ஸ்டாப்புல நிக்கிறோம். உங்க இடது கையைத் தூக்குங்க.”

தூக்கினேன். என் எதிரே நின்ற மகள் அனிச்சையாகத் தன் வலது கையைத் தூக்கினாள். தூக்கிய கையைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

“மேல இருந்து பார்த்தவருக்கு இடம், கீழ இருந்து பார்க்கிறவங்களுக்கு வலம்” என்றார் அண்ணி. “விசாரணைக்கு வந்தவங்க கீழ நின்னுக்கிட்டு அவரோட இடப்பக்கத்தைத் தேடியிருக்காங்க. போன வாரம் உடைச்சது நல்ல சுவரை. இறங்குங்க தம்பி, நர்ஸ் முறைக்கிறாங்க.”

அந்த நேரத்தில் மாப்பிள்ளை வெந்நீர்க் குடுவையை மாமனாரின் அறையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அண்ணி படத்தை நேராகத் திருப்பி, சாதாரணமாகக் கேட்டார்.

“சார், உங்க ஆபீஸ் படம்தானே, ஒரு சந்தேகம். நான் நேத்து அந்த பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்னு பார்த்தேன். கூரை பாதிச் சுவரை மறைக்குது. இதுல மறைக்கவே இல்லையே, எப்படி எடுத்திருப்பாங்க?”

“அங்க ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கு மேடம், அது மேல ஏறி நின்னுதான் எடு...”

நிறுத்திக்கொண்டார். நின்றுபோன சொல் கூடத்தின் நடுவே அப்படியே கிடந்தது.

மகள் அவரைப் பார்த்தாள். “என்னங்க? நீங்களா எடுத்தீங்க?”

“இல்ல, ஆபீஸ்ல...”

“ஆபீஸ்ல யாரோ எடுத்ததுன்னுதானே சொன்னீங்க?”

அண்ணி தனியாகக் கிடந்த அந்தப் பத்தாவது தாளை எடுத்து மெல்ல நீட்டினார். “ஒரு நொடி யோசிக்கிறதுக்குப் பத்தாது சார். ஒன்பது பேருக்குக் கண்ணு தானா வலப்பக்கம் ஓடிடுச்சு. கண்ணே சரியாத் தெரியாதவருக்குக்கூட. உங்களுக்கு மட்டும்தான் ஓடல. ஓடக் கூடாதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சிருந்தது. இதை வெச்சு மட்டும் நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். அதனாலதான் பெஞ்சைப் பத்திக் கேட்டேன்.”

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஏதாவது கிண்டலாகச் சொல்லலாம் என்று தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

“போன வருஷம் அந்தச் சுவரோட தண்ணி வடிகிற துளைகளை எல்லாம் சுத்தம் பண்ணியாச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டேன்” என்றார் தரையைப் பார்த்தபடி. “பண்ணல. வேலையாள் கிடைக்கல, அப்புறம் பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன். மாமா மேல இருந்து விரிசலைக் காட்டினப்பதான் எனக்கு உறைச்சுது. உள்ள தண்ணி தேங்கித் தள்ளுது. நான் எடுத்த படம் அப்படியே மேல போனா என் கையெழுத்தும் மாட்டும். படத்துல விரிசலை மறைச்சு, சுவரைச் சிமென்ட் வெச்சு அடைச்சுட்டா சரியாப் போயிடும், யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். விசாரணை வரும்னு நினைக்கல. மாமாவை நீக்குவாங்கன்னு...”

“நினைக்கல” என்று மகள் முடித்துவைத்தாள். குரல் உயரவில்லை. “மூணு நாளா அவருக்கு வெந்நீர் கொண்டுவந்தீங்க. ஆறிடக் கூடாதுன்னு ஓட்டமா ஓடி வந்தீங்க.”

அறைக் கதவு திறந்தது. பரிசோதகர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது.

“நீங்கதான் எடுத்தீங்கன்னு இவகிட்டகூட நான் சொல்லல. அந்தப் படத்துல இல்லைன்னு சொன்னதும்தான் மாப்பிள்ளை, என் கண்ணை நான் சந்தேகப்பட்டேன்” என்றார். “வேற யார் எடுத்திருந்தாலும் சண்டை போட்டிருப்பேன்.”

“மாமா...”

“அது அப்புறம். இப்ப மணி என்ன?”

“பன்னிரண்டரை” என்றேன் நான்.

“மூணரைக்குப் பிள்ளைங்க பஸ்ஸுல வந்து இறங்கும். போனை எடுங்க. முதல்ல அந்த ஸ்டாப்பை மூடச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை கைபேசியை எடுத்தார். இரண்டு முறை தவறான எண்ணை அழுத்தினார். மகள் அதை வாங்கி, எண்ணைப் போட்டு, காதில் வைத்துப் பிடித்தாள். அவர் தன் பெயரையும் பதவியையும் சொல்லி, எந்தச் சுவர், எந்தப் பக்கம், யாருடைய வேலை என்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். கடைசிப் பகுதியைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. மறுமுனையில் சரியாகக் கேட்கவில்லைபோல. “நான்தான். நானேதான்” என்று சத்தமாகத் திருப்பிச் சொன்னார். டோக்கனுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

இரண்டு மணிக்குள் நிறுத்தத்தைச் சுற்றிக் கயிறு கட்டிப் பேருந்துகளை வேறு இடத்தில் நிறுத்தினார்கள். மூன்று மணிக்கு, கீழிருந்து பார்க்க வலப்பக்கம், பூச்சை உடைத்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். முதல் சில்லு பெயர்ந்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து மேஸ்திரியின் சட்டை நனைந்தது. விரிசலுக்குள் அவருடைய கை மணிக்கட்டு வரை போனது. கையை வெளியே எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தையை இங்கே அச்சடிக்க முடியாது.

நான் மருத்துவமனைக்குத் திரும்பியபோது மாப்பிள்ளை தன் வாக்குமூலத்தை எழுதி முடித்திருந்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் முழுக்க. மேலதிகாரியிடம் இன்றே கொடுக்க வேண்டும் என்று அண்ணி சொல்லியிருந்தார். மகள் அதை வாங்கி நின்றபடியே வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“ஒரு வரி விட்டுட்டீங்க.”

“எல்லாத்தையும் எழுதிட்டேனே. துளை, பூச்சு, படம்...”

“எங்கப்பா சரியாத்தான் பார்த்தார்னு எங்கயுமே எழுதல.”

அவர் தாளை முழங்காலில் வைத்து அந்த வரியை எழுதினார். அதன் அடியில் கோடும் போட்டார். அவள் தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. தன்னையும் சேர்த்துக் கூப்பிடுகிறாளா, விட்டுவிட்டுப் போகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

கதவருகில் போய் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“வாங்க” என்றாள். “கொடுக்க வேண்டியது நீங்க. நான் கூட வரேன்.”